கையுறைக்குள் ஒரு கிளை

“இது எங்க அம்மா இல்ல” என்று சிஸுரு சொன்னதும், இறுதிச் சடங்கு நிறுவனத்துப் பெண்மணி பதறிப்போய்ச் சவப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“பெட்டியில இருக்கறது எங்க அம்மாதான். நான் படத்தைச் சொல்றேன்.”

வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே, கறுப்பு ரிப்பன் கட்டிய சட்டத்துக்குள் அம்மா கினுயோ சிரித்துக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டியவளின் முகம் உரித்த முட்டை மாதிரி இருந்தது. இடது கண்ணுக்குக் கீழே பட்டாணி அளவில் இருந்த கரும்புள்ளியைக் காணோம். கழுத்து மடிப்புகளைக் காணோம். போதாக்குறைக்கு, அவள் ஆயுசில் வாங்கியே இராத ஒரு சாம்பல்நிறக் கிமோனோவை வேறு கம்ப்யூட்டரில் உடுத்திவிட்டிருந்தார்கள்.

சிஸுருவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரமாகவே அப்படித்தான். தோக்கியோவில் செத்துப்போவது சுலபம், எரிவதற்குத்தான் வரிசையில் நிற்க வேண்டும். ஜனவரிக் குளிரில் எல்லாத் தகன மண்டபங்களும் நிரம்பிவிட்டதால் அம்மாவை வீட்டிலேயே உலர்பனிக்கட்டி வைத்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. தினமும் ஒருவர் வந்து பனிக்கட்டியை மாற்றினார், தினமும் அதே வார்த்தைகளில் அனுதாபம் சொன்னார், போனார். கொஞ்சம் அழலாம் என்று உட்கார்ந்தால் வாசல் மணி அடிக்கும். இல்லாவிட்டால் ஆபீஸிலிருந்து போன் வரும். இப்போது கடைசி நாளில், சடங்குக் கூடத்தில், பூசாரி வர அரை மணி இருக்கையில், அம்மாவின் முகத்தையே துடைத்து வைத்திருக்கிறார்கள்.

துடைப்பதைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் பிழைப்பே அதுதான். அந்தக் காலத்து அனிமேஷன் படச் சுருள்களை ஃபிரேம் ஃபிரேமாக, ஒவ்வொரு சட்டமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தூசி, கீறல், ஒட்டிக்கொண்ட முடி எல்லாவற்றையும் நீக்கி, இன்றைய பெரிய டிவிகளில் பளிச்சென்று தெரியும்படி டிஸ்க்காக்கும் நிறுவனத்தில் அவள் தலைமைச் சரிபார்ப்பாளர். தூசியைத் தானாகவே துடைத்துத் தள்ளும் மென்பொருள்கள் உண்டு. அவற்றை அவிழ்த்துவிட்டால் தூசியோடு மழைத்துளியையும் தின்னும், பென்சில் கோட்டையும் தின்னும், படச்சுருளுக்கே உரிய மணல்மணலான சொரசொரப்பையும் தின்னும். கடைசியில் எல்லா முகமும் மெழுகு பொம்மையாக நிற்கும். இதை எதிர்த்து மேலிடத்தோடு வருஷக்கணக்காக மல்லுக்கு நின்றவள் சிஸுரு. ஆபீஸில் அவளுக்கு ‘தூசிக்கு வக்கீல்’ என்றே பேர்.

“யார் சொல்லி இப்படிப் பண்ணீங்க?”

பெண்மணி ஷோஜியைப் பார்த்தாள். சிஸுருவின் தம்பி அவன். அம்மாவோடு கடைசிவரை ஒரே வீட்டில் இருந்தவன். கறுப்பு டையைச் சரிசெய்வதில் மும்முரமாக இருப்பதுபோல் நின்றான்.

“அம்மாதான் சொன்னாங்கக்கா” என்றான். “போன வருஷமே போட்டோவை எடுத்துக் குடுத்து, புள்ளியை எடுத்துடச் சொல்லுன்னாங்க. கிமோனோவும் அவங்க ஆசைதான்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“உங்கிட்ட எப்படிச் சொல்லுவாங்க? நீதான் எதையும் எடுக்க விடமாட்டியே.”

சிஸுரு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புள்ளியும் மடிப்பும் பழுப்பு ஸ்வெட்டருமாக அசல் படம் ஷோஜியின் போனிலேயே இருந்தது. கூடத்தின் உள் அறையில் அச்செடுக்கும் இயந்திரம் இருந்தது. பூசாரி செருப்பைக் கழற்றும்போது புதுப் படம் சட்டத்துக்குள் ஏறிவிட்டது. கழற்றிய பழையதை ஷோஜி கொண்டுபோய்க் காரில் வைத்தான். சிஸுரு ஜெயித்துவிட்டாள். ஆனால் ஜெயித்தமாதிரி இல்லை. இதே சண்டையைத்தான் அவள் அம்மாவோடும் போட்டிருந்தாள், அதுதான் அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு.

சிஸுரு கைக்குழந்தையாக இருந்த நாட்களில் கினுயோ ஓர் அனிமேஷன் ஸ்டூடியோவில் வண்ணம் தீட்டினாள். கண்ணாடித்தாளின் முன்பக்கம் கோடு இருக்கும், பின்பக்கம் திருப்பிப் போட்டு வண்ணம் பூச வேண்டும். அப்படி அவள் வேலை செய்ததில் பேர் வாங்கிய படம் ‘வெள்ளிநரியின் குளிர்காலம்’. வருஷக் கடைசியில் டிவியில் அதைப் போடாமல் இருக்கவே மாட்டார்கள். ஊரே பார்த்த படம். சிஸுருவின் வீட்டில் மட்டும் அதை யாரும் ஒழுங்காகப் பார்த்து முடித்ததில்லை. நரியை விட்டுப் பிரிகிற சிறுமி ரயிலடியில் நிற்கும் கட்டத்தில், ஊரெல்லாம் மூக்கைச் சிந்துகிற நேரம் பார்த்து, அம்மா கமலா ஆரஞ்சுத் தட்டோடு வந்து டிவிக்கு முன்னால் நிற்பாள். சிஸுருவும் ஷோஜியும் கத்துவார்கள். அவள் நகர்வதற்குள் ரயில் போயிருக்கும்.

அந்தப் படம்தான் இப்போது சிஸுருவின் மேஜைக்கு வந்திருந்தது. உயர்தரத்தில் ஏற்றிப் பார்த்தபோது ரயிலடிக் கட்டத்தில் ஒரு வேடிக்கை அகப்பட்டது. சிறுமி வெள்ளைக் கையுறை போட்ட கையை உயர்த்தி அசைக்கிறாள். அதில் மூன்று சட்டங்களில் கையுறைக்கு வண்ணமே பூசவில்லை. கை வெறும் கோடாக நிற்க, பின்னால் இருக்கும் பனிமரத்தின் கிளை ஒன்று உள்ளங்கைக்குள் புகுந்து போகிறது. பின்னணி முழுக்கப் பனி என்பதால் பழைய டிவிகளில் வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விட்டது. நாற்பது வருஷத்துக்குக் கிட்ட யார் கண்ணிலும் படவில்லை.

சிஸுரு அதைச் சந்தோஷ சமாசாரமாகத்தான் அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அந்தக் கட்டத்தில் கையுறைக்கு வண்ணம் பூசியது அம்மாதான் என்று அவளுக்குத் தெரியும். போனில் எடுத்துவந்த படத்தைக் காட்டிச் சிரித்தாள். கினுயோ சிரிக்கவில்லை. போனைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“தெரியுது இல்ல?” என்றாள்.

“நல்லாவே தெரியுதும்மா.”

“அடைச்சுடு.”

“முடியாதும்மா. படம் எடுத்தப்பவே இருந்த தப்பை நாங்க தொடக் கூடாது. நான் போட்ட விதிதான்.”

“தூசியைத் தொடைக்கற. கீறலைத் தொடைக்கற.”

“அதெல்லாம் அப்புறம் ஒட்டின அழுக்கு. இது படத்தோட பொறந்தது. உங்க கை பட்ட அடையாளம்மா, இதுல என்ன வெட்கம்?”

“அடையாளமா?” கினுயோவுக்கு மூச்சு வாங்கியது. “மூணு தாள்டி. வெள்ளைத் தாள் மேல வச்சுப் பூசறோம். வெள்ளையை விட்டுட்டாலும் பூசினமாதிரியே இருக்கும். அதுக்குத்தான் கடைசில அடியில கறுப்புத் தாளைச் செருகிப் பாக்கணும். அன்னிக்குப் பாக்கல. அதை இப்ப ஊரு பூரா சுவரளவு டிவியில பாக்கணுமா?”

சிஸுரு விளக்கினாள். கலை என்றாள், வரலாறு என்றாள், வெளிநாட்டில் இதையெல்லாம் எவ்வளவு மதிக்கிறார்கள் என்றாள். கினுயோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “உனக்கு உன் படம்தான் பெரிசு” என்றாள். நாளைக்குப் பேசலாம் என்று வெடுக்கென்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தாள் சிஸுரு. விடியும் முன்பு ஷோஜி போன் பண்ணினான்.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் கையில் இருந்தது. படம் இன்னும் டிஸ்க் அடிக்கும் தொழிற்சாலைக்குப் போகவில்லை, ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கவில்லை. செத்துப்போனதற்காக விதியை வளைக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிச் சொல்லி எரிச்சல்தான் மிஞ்சியது.

பூசாரி ஓதி முடித்தார். பெட்டிக்குள் ஆளுக்கொரு பூவாக வைத்தார்கள். சிஸுரு தன் பூவை அம்மாவின் விரல்களுக்கிடையில் செருகப் பார்த்தாள், அது நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. மூன்றாவது தரம் விழுந்தபோது பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு நகர வேண்டியதாயிற்று.

தகன மண்டபத்தில் இரும்புக் கதவு மூடியதும் காத்திருக்கும் அறைக்கு அனுப்பினார்கள். பீர், தேநீர், யாருக்கும் வேண்டாத பலகாரங்கள். ஷோஜி அம்மாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவியும், பள்ளிக்கூடத்தில் படிக்கிற மகள் மியோவும் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினார்கள். அம்மாவின் பழைய சிநேகிதி தோஷியே, அதே ஸ்டூடியோவில் வேலை பார்த்தவள், கைத்தடியை ஊன்றி வந்து சிஸுருவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். படத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

“இது கினுயோவுக்குப் பிடிச்சிருக்காதே.”

“அசல் படம் பெரியம்மா” என்றாள் சிஸுரு. குரலில் கடுப்பு தானாக வந்தது.

“அசல்தான். அதான் பிடிச்சிருக்காதுங்கறேன்.” தோஷியே தேநீரை ஆற்றினாள். “கையுறை விஷயத்தைக் கண்டுபிடிச்சுட்டியாமே? ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணினா. அழுதா.”

அம்மா அழுதாள் என்பது சிஸுருவுக்குப் புதிது. அவள் முன்னால் அழவில்லை.

“அந்தத் தாளைச் சரிபாத்தது நான்தான்” என்றாள் தோஷியே. “கறுப்புத் தாளைச் செருகிப் பாக்க வேண்டியது நானும்தான். எல்லாருக்கும் தூக்கம், அப்படியே அனுப்பிட்டேன். படம் வெளிவந்து தியேட்டர்ல பாக்கறப்பதான் அவ கண்ணுல பட்டுச்சு. எனக்கு அப்பவும் ஒண்ணும் தெரியல, வீட்டுக்கு வந்ததும் மறந்தே போச்சு. அவ மறக்கல. ஒவ்வொரு வருஷமும் டிவியில போட்ட மறுநாள் எனக்கு போன் வந்துடும். ‘இந்த வருஷமும் பசங்க பாக்கல’ன்னு சொல்லுவா.”

“பாக்கலையா?”

“எங்கேர்ந்து பாப்பீங்க? அந்த இடம் வந்ததும் ஆரஞ்சுத் தட்டோட குறுக்க போய் நின்னுடுவாளாமே. நீங்க கத்தறதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.”

சிஸுரு எழுந்து வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் குளிர்பானப் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் நின்று ஆபீஸுக்கு போன் பண்ணினாள். தயாரிப்புப் பொறுப்பாளர் குவாபாரா எடுத்தார். பத்து வருஷமாக அவளோடு சண்டை பிடிப்பவர். அனுதாபம் சொன்னார். அவள் அதை வாங்கிக்கொள்ளாமல் ரயிலடிக் கட்டம், மூன்று சட்டம், கையுறை, இன்றைக்கே அடைத்துவிட முடியுமா என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“ஒரு இடத்துல நரிக்கு அஞ்சு கால் இருக்கு” என்றார் குவாபாரா. “அதைச் சரிபண்ணிடலாம்னு நான் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்தது. அஞ்சாவது காலும் படத்துக்குச் சொந்தம் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருந்தாள். சில பேர் கைதட்டினார்கள்.

“ரயில்காரன் மீசை, காணாமப்போற வாளி, எல்லாத்தையும் நான் கேட்டேன். நீங்க விடல. சரிதான்னு பிற்பாடு எனக்கே தோணிச்சு. இப்ப நரிக்கு ஒரு சட்டம், உங்க அம்மாவுக்கு ஒரு சட்டம்னு வச்சா நாளைக்கு நான் என்ன சொல்றது?”

குத்திக்காட்டியிருந்தால் திருப்பிக் குத்தியிருப்பாள். அவர் குத்திக்காட்டவில்லை. சாவு வீட்டில் பேசுகிற தாழ்ந்த குரலில், அவள் வாயிலிருந்து வந்த வார்த்தையையே அவளிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். அதுதான் தாங்கவில்லை. நீங்கள் சொன்னால் இன்னும் ஒரு நாள் நிறுத்தி வைக்கிறேன், மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றார். கேட்டால் என்ன பதில் வரும் என்பது இருவருக்கும் தெரியும். அந்தப் பதிலை எழுதி வைத்திருப்பவளே அவள்தான்.

“வேண்டாம்” என்றாள். “அனுப்பிடுங்க.”

போனை வைத்த பிறகு குளிர்பானப் பெட்டியை ஓர் உதை விட்டாள். அது உறுமுவதை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தது.

எலும்பு பொறுக்க அழைத்தார்கள். இரண்டிரண்டு பேராக, ஆளுக்கொரு ஜோடிக் குச்சியால் ஒரே எலும்பைச் சேர்த்துப் பிடித்துக் கலசத்தில் போட வேண்டும். சிஸுருவும் ஷோஜியும் பிடித்த முதல் துண்டு நடுவழியில் ஆடியது. அவன் தாழ்த்தினான், அவள் உயர்த்தினாள். “விடாதக்கா” என்று முணுமுணுத்தான். எல்லோரும் முடித்ததும் மண்டப ஊழியர் சின்னத் தூரிகையால் தட்டில் மிச்சமிருந்த தூளைக் கூட்டிச் சேர்த்தார். மூலையில் ஒட்டியிருந்ததையும் விடாமல் கூட்டிக் கலசத்துக்குள் தட்டினார். தூசியைத் துடைத்தே வயதான சிஸுரு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டு வாசலில், தீட்டுக் கழிய, தோளில் உப்பைத் தூவிக்கொண்டு உள்ளே போனார்கள். ஏழாம் நாள் வழிபாட்டையும் பூசாரி அப்போதே சேர்த்து முடித்துவிட்டுக் கிளம்பினார். தாழ்ந்த மேஜைமேல் கலசம், ஊதுபத்தி, ஒரு தட்டில் கமலா ஆரஞ்சு. அவற்றுக்குப் பின்னால் படத்தை நிறுத்த ஷோஜி குனிந்தான்.

“காருல இருக்கா அது?” என்றாள் சிஸுரு.

“எது?”

“உரிச்ச முட்டை.”

ஷோஜி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கொண்டுவந்து சட்டத்தில் மாற்றினான். புள்ளியில்லாத கினுயோ, தனதல்லாத கிமோனோவில், எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். சிஸுருவுக்கு இப்போதும் அது அம்மாவாகத் தெரியவில்லை. மாற்றச் சொல்லவும் இல்லை.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது மியோதான் ஆரம்பித்தாள். பாட்டி வேலை செய்த படத்தின் புது டிஸ்க் அத்தை பையில் இருக்கிறது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. சரிபார்ப்பதற்காகக் கொடுத்த மாதிரி டிஸ்க் அது. வெளி ஆட்களுக்குக் காட்டக் கூடாது, இதுவும் ஒரு விதிதான். இங்கே வெளி ஆள் யார் என்று தோஷியே கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல சிஸுருவுக்கு வேறு காரணம் அகப்படவில்லை. போன வருஷம் ஷோஜி அம்மாவுக்கென்று வாங்கி மாட்டிய டிவி பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு இருந்தது.

படம் ஓடியது. நரியின் ரோமத்தில் ஒவ்வொரு கோடும் தெரிந்தது. பனி தனித்தனியாக விழுந்தது, ஒரு துளியைக்கூட மென்பொருள் தின்னவில்லை, சிஸுரு தின்னவிடவில்லை. ஷோஜியின் மனைவி, இத்தனை அழகான படமா இது, இத்தனை நாள் சரியாகப் பார்த்ததே இல்லையே என்றாள். வேறொரு நாளாக இருந்தால் சிஸுருவுக்கு இது போதும். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நரி ஓடிய ஓர் இடத்தில் மியோ காலை எண்ணிவிட்டு, “அத்தை, அஞ்சு கால்” என்று கைதட்டிச் சிரித்தாள். இந்தப் பெண்ணின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சிஸுருவுக்குப் புரிந்தது.

ரயில் ஊதியது. நரி பனிமேட்டின் மேல் வந்து நின்றது. சிறுமி ரயிலடியின் விளிம்புக்கு நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த மரம், அந்தக் கிளை. மியோ முழங்காலைக் கட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தாள்.

சிஸுரு எழுந்தாள். கலசத்துக்கு முன்னால் இருந்த ஆரஞ்சுத் தட்டை எடுத்துக்கொண்டு நேராகப் போய், டிவிக்கு முன்னால், நட்டநடுவில் நின்றாள்.

“யாருக்கு ஆரஞ்சு வேணும்?”

“அத்தை, மறைக்கறீங்க” என்றாள் மியோ. இடது பக்கம் எட்டிப் பார்த்தாள், சிஸுரு இடது பக்கம் நகர்ந்தாள். ஷோஜி குச்சியை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தோஷியே கையை நீட்டினாள்.

“எனக்கு ஒண்ணு குடு. உரிச்சுக் குடு.”

சிஸுரு ஒரு பழத்தை எடுத்து, நின்ற இடத்திலேயே, மெதுவாக உரிக்க ஆரம்பித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ரயில் கிளம்பிப் போயிற்று.